சட்டப் பணியை நாடும் பட்ட மாணவர்களுக்கான ஓராண்டுச் செயல்முறைப் பயிற்சி: முடித்தவரின் மதிப்புரை

பட்டப்படிப்பை முடித்த பிறகு சட்டம் படிக்கலாம் என்று எண்ணியிருக்கும் மாணவர்களுக்காக, நான் படித்த கல்லூரி ஓராண்டுச் செயல்முறைப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரில் பார்த்தல், மாதிரி வழக்கு விசாரணை, இலவச சட்ட உதவி மையத்தில் பணி, பேச்சுவார்த்தைப் பயிற்சி, வழக்கறிஞர் அலுவலகத்தில் ஆறு வாரங்கள் என்று அதில் ஐந்து பகுதிகள் உண்டு. ஐந்தையும் முடித்துச் சான்றிதழ் பெற்றவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அறிமுக ஏட்டில் ஐந்து பகுதிகளுக்கும் சமமாக இடம் ஒதுக்கி, எல்லாவற்றையும் ஒரே குரலில் புகழ்ந்திருக்கிறார்கள். முடித்தபின் கணக்குப் பார்த்தால், எனக்குக் கிடைத்த பயனில் பெரும்பகுதி இரண்டே இடங்களிலிருந்து வந்திருக்கிறது. அவ்விரு இடங்களிலும் நான் செய்த வேலையை ஒருவர் வரிவரியாகப் பார்த்துத் திருத்திக் கொடுத்தார். மற்ற மூன்றில் வேலை இருந்தது. அதைப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை.

இத்தகைய பயிற்சி தேவையா என்ற விவாதம் பழையது. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், மேல்முறையீட்டுத் தீர்ப்புகளைப் படித்து அவற்றிலிருந்து கோட்பாடுகளைப் பிரித்தெடுக்கும் முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். வேதியியலுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ அப்படியே சட்டத்துக்கு நூலகம் என்பது அவர் கொள்கை. அமெரிக்க வழக்கறிஞரும் சட்டச் சிந்தனையாளருமான ஜெரோம் ஃபிராங்க் 1933இல் எழுதிய கட்டுரையில் இதைக் கடுமையாகத் தாக்கினார். மருத்துவ மாணவர் மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகுகிறார், சட்ட மாணவரோ கட்சிக்காரர் ஒருவரைக்கூடக் காணாமல் படித்து முடிக்கிறார் என்பதே அவர் வாதத்தின் சாரம். மேல்முறையீட்டுத் தீர்ப்பு எழுதப்படும் நேரத்தில் வழக்கின் உண்மைகள் உறைந்து போயிருக்கும். அவை உறைவதற்கு முன் நடந்த இழுபறியும், விடுபட்ட தாள்களும், மாறிப்போன நினைவுகளும் அதில் தெரியா. 1968 முதல் ஃபோர்டு அறக்கட்டளை அளித்த நிதியின் துணையோடுதான் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் பணிபுரியும் சட்ட உதவி மையங்கள் பரவலாயின. ஃபிராங்க் சொன்னது எவ்வளவு சரி என்பதை, இந்தப் பயிற்சியின் இரண்டாம் பகுதியையும் மூன்றாம் பகுதியையும் அடுத்தடுத்துச் செய்தபோது உணர்ந்தேன்.

முதல் பகுதியான நீதிமன்றப் பார்வையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எட்டு நாட்கள் அழைத்துச் சென்றார்கள். அன்றைய வழக்குப் பட்டியலைக் கையில் கொடுத்து, பின்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, மாலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பெரும்பாலான வழக்குகள் அழைக்கப்பட்ட சில நிமிடங்களில் வாய்தா போடப்பட்டன. வழக்கு என்பது அனல் பறக்கும் வாதம் என்று எண்ணி வந்தவர்களுக்கு அதுவே ஒரு பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால், அந்த இரண்டு நிமிடங்களில் என்ன நடந்தது, எந்தத் தாள் வராததால் வாய்தா கேட்கப்பட்டது, நீதிபதி ஏன் ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தார் என்பதை மாலையில் அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்க ஒருவர் இருந்திருந்தால் எட்டு நாட்களும் வேறாக இருந்திருக்கும். நான்காம் நாளிலிருந்து நாங்களே ஒரு வழி கண்டோம்: ஆளுக்கு ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அடுத்த முறை அது அழைக்கப்படும்போது என்ன நடக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்தோம். பெரும்பாலும் தவறாகவே எழுதினோம். ஏன் தவறியது என்று தேடப் போனதில் கொஞ்சம் கற்றோம்.

மாதிரி வழக்கு விசாரணைதான் இந்தத் திட்டத்தின் முகம். அறிமுக ஏட்டின் அட்டையில் இருப்பதும் அந்தப் படம்தான். சட்டக் கல்லூரிகளில் புகழ்பெற்ற ஜெஸ்ஸப் போட்டி போன்றவற்றோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1960இல் தொடங்கிய ஜெஸ்ஸப் போட்டியில் கற்பனை நாடுகள் இரண்டு பன்னாட்டு நீதிமன்றத்தின் முன் நிற்கும்; உண்மைகளை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டாகிவிட்டதால், சட்டத்தை மட்டும் வாதிட வேண்டும்; சாட்சிக் கூண்டு கிடையாது. பட்ட மாணவர்களுக்கான மாதிரி விசாரணை அதற்கு மாறானது. 1985இல் தொடங்கப்பட்ட அமெரிக்க மாதிரி விசாரணைச் சங்கம் நடத்தும் போட்டிகளின் அமைப்பையே எங்கள் பயிற்சியும் பின்பற்றியது. வாக்குமூலங்களும் ஆவணங்களும் அடங்கிய ஒரே வழக்குக் கட்டை எல்லா அணிகளுக்கும் கொடுப்பார்கள். ஒவ்வொரு அணியும் இரு தரப்பையும் எடுத்து நடத்தத் தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பிலும் மூவர் வழக்கறிஞராகவும் மூவர் சாட்சியாகவும் வருவார்கள். தொடக்க உரை, முதல் விசாரணை, குறுக்கு விசாரணை, நிறைவுரை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் உண்டு.

இங்கே எங்களுக்குக் கிடைத்த பயிற்றுநர், பல ஆண்டுகள் விசாரணை நீதிமன்றங்களில் நின்று பழகிய வழக்கறிஞர். நாங்கள் எழுதி வந்த குறுக்கு விசாரணைக் கேள்விகளை உரக்கப் படிக்கச் சொல்லி, ஒரு கேள்விக்குள் இரண்டு செய்திகள் புகுந்திருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துவார். “நீங்கள் மாலை ஆறு மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டு நேராக வீட்டுக்குத்தானே போனீர்கள்?” என்று நான் எழுதியிருந்தேன். சாட்சி இல்லை என்று சொன்னால் எதை இல்லை என்கிறார், நேரத்தையா, பூட்டியதையா, நேராகப் போனதையா என்று கேட்டார். அந்த ஒரு வரியை நான்கு கேள்விகளாக உடைத்தேன். உடைத்த பிறகுதான், நான்காவதை நான் கேட்கவே தேவையில்லை என்பதும் தெரிந்தது. அதற்கான பதில் வழக்குக் கட்டில் எங்குமே இல்லை, கேட்டிருந்தால் சாட்சிக்கு விளக்கம் சொல்லும் வாய்ப்பை நானே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்திருப்பேன். ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்வது பற்றிப் பலரும் எச்சரிப்பதுண்டு; அந்த எச்சரிக்கை தாளில் சிவப்பு மையாக இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எல்லோரும் வழக்கறிஞர் வேடத்துக்கே போட்டியிட்டார்கள். சீட்டு எனக்குச் சாட்சியாக விழுந்தபோது மனம் சோர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாட்சிக் கூண்டில் நின்று கற்றது, வாதிட்டுக் கற்றதைவிட அதிகம் என்று இப்போது தோன்றுகிறது. எதிர்த்தரப்பு மாணவி ஒருத்தி “அவர் வேகமாக வெளியே ஓடியபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?” என்று கேட்டாள். நின்ற இடத்தைச் சொல்லி முடித்த பின்தான், ஓடினார் என்று என் வாக்குமூலத்தில் எங்கும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கேள்வியின் நடுவில் செருகப்பட்ட சொல்லை நான் மறுக்காமல் விழுங்கிவிட்டேன். உண்மையான சாட்சி ஒருவர், அதுவும் முதல் முறை நீதிமன்றத்துக்கு வந்தவர், எவ்வளவு எளிதாக இப்படி வழுக்கி விழுவார் என்பதை எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. சேர்பவர்கள் ஒரு முறையாவது சாட்சி வேடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இந்தப் பகுதியின் எல்லையும் அதன் விதியிலேயே இருக்கிறது. கட்டில் இல்லாத முக்கியமான உண்மை எதையும் சாட்சி புனைந்து சொல்லக் கூடாது என்பது போட்டிகளில் கறாரான விதி. நியாயமான விதிதான், இல்லையென்றால் கதை கட்டுவதில் வல்லவரே வெல்வார். ஆயினும் அதன் விளைவாக, வழக்கின் உலகம் முழுவதும் அந்த நூற்றைம்பது பக்கங்களுக்குள் அடங்கிவிடுகிறது. தாள் தொலைந்துபோகாது, கட்சிக்காரர் முக்கியமான ஒன்றை வெட்கப்பட்டு மறைக்க மாட்டார், காலக்கெடு கடந்திருக்காது. ஓராண்டு முழுவதும் இதை மட்டுமே செய்தவர்கள், உண்மைகள் தைத்த கட்டாக மேசைக்கு வந்து சேரும் என்று நம்பத் தொடங்கிவிடுகிறார்கள்.

அந்த நம்பிக்கை சட்ட உதவி மையத்தில் முதல் நாளே உடைந்தது. இங்கே ஆறு மாணவர்களுக்கு ஒரு மேற்பார்வை வழக்கறிஞர். பட்ட மாணவர்கள் சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது, கட்சிக்காரருக்காக எங்கும் வாதிடக் கூடாது என்பதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். வேறு சில பயிற்சிகளின் விளம்பரங்களில் “நீதிமன்றத்தில் நீங்களே வாதிடலாம்” என்ற தொனி தென்படுவதால் இதைக் குறிப்பிடுகிறேன்: மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் ஆஜராக அனுமதிக்கும் விதிகள் சில நாடுகளில் உண்டு, ஆனால் அவை பொதுவாகச் சட்டக் கல்லூரியில் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியவர்களுக்கானவை. எங்கள் வேலை வருபவரிடம் பேசுவது, ஆவணங்களை அடுக்குவது, குறிப்பு எழுதுவது ஆகியவற்றோடு முடிந்தது. கேட்பதற்குச் சிறிய வேலையாகத் தெரியும்.

வந்தவர் உட்கார்ந்ததும் கதையைக் கேட்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதே முதல் பாடம். முதலில் அவர் பெயரையும், யாரோடு தகராறோ அவர்கள் பெயரையும் மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போய், மையம் ஏற்கெனவே எதிர்த்தரப்புக்கு உதவியிருக்கிறதா என்று பதிவேட்டில் பார்க்க வேண்டும். கதையைக் கேட்டுவிட்ட பிறகு அப்படி ஒன்று தெரியவந்தால், ஒருவர் நம்பிச் சொன்ன இரகசியம் அவருக்கு எதிரானவரின் மையத்தில் தங்கிவிடும். இதன் பிறகு, இடையில் குறுக்கிடாமல் அவர் போக்கில் முழுவதையும் சொல்ல விட வேண்டும்; அடுத்து தேதி வரிசையில் கேள்விகள் கேட்க வேண்டும்; கடைசியில் நாம் புரிந்துகொண்டதை அவருக்கே திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

என் முதல் கட்சிக்காரர் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர். நாற்பது நிமிடங்கள் பேசினோம். சம்பளம், பணிக்காலம், மேலாளரோடு நடந்த வாக்குவாதம், அதைப் பார்த்தவர்கள் என்று நான்கு பக்கங்கள் நிரப்பினேன். நன்றாகவே செய்ததாக எண்ணிக்கொண்டேன். மேற்பார்வையாளர் அந்த நான்கு பக்கங்களைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இந்த நீக்க உத்தரவு எந்தத் தேதியில் அவர் கைக்குக் கிடைத்தது?” உத்தரவின் மேல் அச்சிட்டிருந்த தேதியை நான் எழுதியிருந்தேன். கைக்குக் கிடைத்த தேதியைக் கேட்கவே இல்லை. மேல்முறையீட்டுக்கான நாட்கள் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்படும். அச்சிட்ட தேதியிலிருந்து எண்ணினால் கெடு முடிந்துவிட்டிருந்தது. அவரை மறுபடி அழைத்துக் கேட்டோம். தபால் உறையை அவர் பத்திரமாக வைத்திருந்தார், அதில் முத்திரையும் தெளிவாக இருந்தது. அந்த உறையை அவர் எறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் சில நாட்கள் என்னை விடவில்லை.

அதற்குப் பிறகு நான் எழுதிய ஒவ்வொரு குறிப்பும் மூன்று பத்திகளாகப் பிரிந்தது: கட்சிக்காரர் சொன்னது, தாள் சொல்வது, நான் ஊகிப்பது. இது மேற்பார்வையாளரின் முறை. சந்திப்பு நடந்த அன்றே எழுதி முடிக்க வேண்டும், அடுத்த நாள் எழுதினால் மூன்றும் தானாகவே ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பார். என் குறிப்புகள் தொடக்கத்தில் ஐந்து ஆறு முறை திரும்பி வந்தன. “அவர் மிரட்டப்பட்டார்” என்று எழுதினால், அது அவர் சொல்லா, உங்கள் சொல்லா என்று ஓரத்தில் எழுதியிருப்பார். அவர் உண்மையில் சொன்னது, “நாளைக்கு வரவேண்டாம் என்றார்கள்” என்பதுதான். இரண்டுக்கும் இடையே ஒரு வழக்கே இருக்கிறது. மற்றவர்கள் குறிப்புக்கும் இதே கதிதான். மாலை ஏழு மணிக்கு மேல் மையத்தில் உட்கார்ந்து குறை சொல்லிக்கொண்டே திருத்தி எழுதிய நினைவு எல்லோருக்கும் உண்டு.

இப்பகுதியில் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு மாணவருக்குக் கிடைப்பது பன்னிரண்டு வாரங்கள். பல விவகாரங்கள் அதற்குள் முடிவதில்லை. என் முதல் கட்சிக்காரரின் விவகாரம் என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கோப்பு அடுத்த குழுவுக்குப் போய்விட்டது, இரகசியம் காக்கும் கடமையால் கேட்கவும் முடியாது. கட்சிக்காரர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது இன்னும் வருத்தமானது: வேதனையான கதையை ஒவ்வொரு பருவத்திலும் புதிய முகத்துக்கு மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர்கள் மாறும்போது பழையவரும் புதியவரும் சேர்ந்து ஒரு முறையாவது கட்சிக்காரரைச் சந்திக்கும் ஏற்பாட்டைத் திட்டம் செய்திருக்கலாம்.

சட்டத்தைப் பொதுமக்களுக்கு எளிய மொழியில் கற்பிக்கும் பணியையும் மையம் ஒரு கிளையாக நடத்துகிறது. 1972இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர்கள் பள்ளிகளுக்குச் சென்று பாடம் நடத்தத் தொடங்கிய ஸ்ட்ரீட் லா முயற்சிதான் இதற்கு முன்னோடி. நான் இரண்டு வகுப்புகள் மட்டுமே எடுத்தேன். பிடியாணைக்கும் சம்மனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு விளக்க முயன்றபோது, எனக்கே அது அரைகுறையாகத்தான் தெரியும் என்பது வெளிச்சமாயிற்று. கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்குக் குறுக்கு விசாரணையைவிட இது நல்ல தொடக்கம்.

பேச்சுவார்த்தைப் பயிற்சி இரண்டே வார இறுதிகள்தான், இருந்தும் அதன் வடிவம் அழகானது. இரு அணிகளுக்கும் பொதுவான உண்மைகள் அடங்கிய ஒரு தாளும், தன் கட்சிக்காரரின் அந்தரங்க விருப்பங்கள் அடங்கிய தனித் தாளும் கொடுப்பார்கள். உடன்பாட்டை எழுதி முடித்த பின் இரகசியத் தாள்களை மாற்றிப் படிக்க வேண்டும். எங்கள் அணி தொகையில் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் வென்றுவிட்டதாகப் பெருமையோடு எழுந்தோம். மாற்றிப் படித்தபோது தெரிந்தது: எதிர்த்தரப்புக்குத் தொகை பெரிதே இல்லை, அவர்கள் கேட்க விரும்பியது ஒரு மன்னிப்புக் கடிதம். அதை நாங்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே செலவில்லாமல் கொடுத்திருக்கலாம். தாள்கள் தாமாகவே தவற்றைக் காட்டிக்கொடுத்தன. ஆனால் அதற்குப் பிறகு, எந்த இடத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அது வெளிவந்திருக்கும் என்று ஆராய நேரம் ஒதுக்காமல் அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார்கள். இரண்டு பயிற்சிகளைக் குறைத்து, ஒன்றை ஆற அமரப் பேசியிருந்தால் பயன் கூடியிருக்கும்.

அலுவலகப் பயிற்சிதான் எனக்கு ஏமாற்றம் தந்த பகுதி. ஆறு வாரங்களில் நான் செய்தவை நகல் எடுத்தல், பக்க எண் இடுதல், கோப்புகளை மேல் மாடியிலிருந்து கீழ் மாடிக்குக் கொண்டுசெல்லுதல். அலுவலகத்தின் மூத்த வழக்கறிஞர் நல்லவர். ஆனால் காலையில் நீதிமன்றம், மாலையில் கட்சிக்காரர்கள், இடையில் தொலைபேசி என்று ஓடுபவருக்கு என்னோடு பேச நேரமே இல்லை. நான் தயாரித்துக் கொடுத்த தேதி வரிசைப் பட்டியல் ஒன்று எந்தக் குறியும் இல்லாமல் கோப்பில் சேர்ந்தது. அது சரியா தவறா என்று இன்றும் தெரியாது. அலுவலகத்தின் குமாஸ்தா மட்டும், எந்த மனுவோடு எந்தத் தாள் எந்த வரிசையில் போகவேண்டும், எது விடுபட்டால் பதிவகத்தில் திருப்பி அனுப்புவார்கள் என்பதைப் பொறுமையாகச் சொல்லித் தந்தார். அங்கே நான் கற்றதெல்லாம் அவரிடம் கற்றதுதான். கல்லூரி அவருக்கு ஒரு நன்றிக் கடிதமாவது அனுப்ப வேண்டும்.

அலுவலகப் பயிற்சி வீண் என்று பொதுவாகச் சொல்ல நான் துணியமாட்டேன். தொழிலுக்குள் நுழையும் விதிகளே பல இடங்களில் அதைக் கேட்கின்றன. வழக்கறிஞர் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் குறைந்தது 20 வாரங்களும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரங்களும் இத்தகைய பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021இல் வந்த புதிய தகுதித் தேர்வு முறையில், சொலிசிட்டர் (கட்சிக்காரருக்கு நேரடியாக ஆலோசனை சொல்லி, ஆவணங்களைத் தயாரிக்கும் வழக்கறிஞர்) ஆக விரும்புபவர் இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் காட்ட வேண்டும். அதை நான்கு நிறுவனங்கள் வரை பிரித்துப் பெறலாம், மாணவர் சட்ட உதவி மையத்தில் செய்த பணியும் உரிய முறையில் உறுதி செய்யப்பட்டால் கணக்கில் சேரும். எனவே, எங்கே எத்தனை வாரங்கள் என்பதோடு, அதை யார் கையெழுத்திட்டு உறுதி செய்வார்கள் என்பதையும் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது பிற்காலத்தில் அலைச்சலைக் குறைக்கும். எங்கள் திட்டத்தில் இதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

கடைசி மாதத்தில், விடுபட்ட மணி நேரங்களை ஈடுசெய்ய இணையவழிப் பயிற்சி ஒன்றையும் அனுமதித்தார்கள். ஒப்பந்தம் ஒன்றைப் படித்து அதன் ஆபத்துகளை மின்னஞ்சலாக எழுதி அனுப்ப வேண்டும். அனுப்பிய மறுநொடியில் மாதிரி விடை திறந்துகொள்ளும். நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்பதைச் சோதிக்க, இரண்டாம் பணியில் ஒற்றை வரி அனுப்பிப் பார்த்தேன். வாழ்த்துச் செய்தி வந்தது. நேரமும் இடமும் வாய்க்காதவர்களுக்கு, ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று கண்ணால் பார்க்க அது உதவலாம். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

சேர எண்ணுபவர்கள் நேர்முகத்தில் திட்டத்தாரைக் கேட்க வேண்டியது, எத்தனை மணி நேரம், எத்தனை போட்டிகள் என்பதைவிட, நான் எழுதிக் கொடுக்கும் தாள் யார் கைக்குப் போகும், எத்தனை நாளில் திரும்பி வரும் என்பதே. எங்கள் குழுவில் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. கேட்டிருந்தால் சட்ட உதவி மையத்துக்கு இரண்டு பருவங்கள் விண்ணப்பித்திருப்போம். விரும்பினால் அலுவலகப் பயிற்சியை விட்டுவிட்டு மையத்தில் கூடுதல் பருவம் எடுக்கலாம் என்ற விதி கையேட்டின் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில் இருக்கிறது. இடங்கள் குறைவு, முதல் வாரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.